அந்தப் பக்கம் ஆறு மட்டும் போகிறது: துர்துக் நாட்குறிப்பு

லடாக்கில் வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் எதுவும் வேலை செய்யாது என்பது லே விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கும் தம்பிக்கும் இரண்டு பேருக்கும் ப்ரீபெய்ட். அதனால் அன்றன்றைக்கு இரவு நோட்டில் எழுதி வைத்ததை, லே-க்குத் திரும்பி வந்து விடுதி வைஃபையில் தேதி வாரியாகப் போடுகிறேன். வீட்டில் பயந்துபோன எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று.

போன ஊர் துர்துக். லே-யிலிருந்து 205 கிலோமீட்டர், ஷ்யோக் ஆற்றங்கரையில், கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1971 டிசம்பர் வரை பாகிஸ்தான் வசம் இருந்த ஊர். வெளியாட்களை உள்ளே விட ஆரம்பித்ததே 2010-இல்தான். எங்கள் ஊர் கம்பம் பக்கம். விடிகாலையில் ஜீப்பில் ஏறிக் குமுளி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற எல்லைதான் எனக்குத் தெரிந்த எல்லை. தாண்டவே முடியாத ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல வெகு நாளாக இருந்தது.

ஆகஸ்ட் 20, 2024, செவ்வாய் – லே, கர்துங் லா, திஸ்கித்

இரண்டு நாள் லே-யில் சும்மா படுத்துக் கிடந்த பிறகும் தம்பிக்குத் தலைவலி விடவில்லை. 3,500 மீட்டர் உயரம், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஷேர் சுமோவில் ஆளுக்கு 600 ரூபாய். டிரைவர் வண்டி எடுப்பதற்கு முன்பே பின்னால் திரும்பி, யாருக்கு வாந்தி வரும், யாருக்குத் தலைவலி என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தம்பியை முன் சீட்டுக்கு மாற்றினார். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து பின்னால் போய்விட்டார்.

கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். ஆகஸ்ட் மாதத்தில் ஓரங்களில் அழுக்குப் பனி. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, டிரைவர் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரையும் அங்கே நிற்க விடவில்லை. டீ 40 ரூபாய், தம்பிக்கு மட்டும் கொஞ்சம் பூண்டு சூப். இறங்க இறங்க அவன் முகத்தில் நிறம் திரும்பியது.

கீழே ஷ்யோக் பள்ளத்தாக்கு. நான் நினைத்திருந்தது வேறு, பார்த்தது வேறு. அகலமான சாம்பல் மணல்வெளி, அதில் நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடுகிற ஆறு, சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாத மலை. ஓடை இறங்குகிற இடத்தில் மட்டும் ஒரு கைக்குட்டையளவு பச்சை, அதுதான் ஊர். தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் உயிர். திஸ்கித் மடத்துக்குக் கீழே 32 மீட்டர் உயர மைத்ரேய புத்தர் ஷ்யோக் ஓடுகிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து ஊரான ஹுண்டரில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள். இவை இன்று சீனாவில் இருக்கிற யார்கண்டுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போய் வந்த வணிகக் கூட்டங்கள் விட்டுப்போன ஒட்டகங்களின் வழி. இன்று சுற்றுலா ஆட்களை ஏற்றி மணலில் ஒரு வட்டம் அடித்து வருகின்றன.

சாயங்காலம் ஒரு வங்கியின் ஏடிஎம்முக்குப் போனால் பணம் இல்லை. காலையில் வாருங்கள் என்றார்கள். கையில் பத்தாயிரம் சொச்சம்தான் இருந்தது. ராத்திரி அறை 1,200, துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் 150. அறையில் இருந்த ஒற்றைக் கம்பளியே போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன் – திஸ்கித், துர்துக்

காலையிலும் ஏடிஎம்மில் பணம் இல்லை. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். அது தப்பு.

எட்டு மணிக்குப் போக வேண்டிய வண்டி, ஒரு ஆள் வரவில்லை என்று பதினொன்றுக்குத்தான் நகர்ந்தது. வண்டியில் இருந்த உள்ளூர்க்காரர்கள் டிரைவரிடம் கோபமாகச் சொல்லிக்கொண்டே வந்ததற்குக் காரணம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பொக்தாங் தாண்டிய பிறகுதான் விளங்கியது. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று சாலையின் மேலேயே ஓடுகிறது. காலையில் அது கணுக்கால் அளவு தண்ணீர். வெயில் ஏறினால் மேலே பனி உருகி, மதியத்துக்குப் பிறகு முழங்காலைத் தாண்டிவிடும், கல்லும் உருண்டு வரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. முன்னால் ஒரு லாரி நடுத் தண்ணீரில் நின்றுவிட்டிருந்தது.

ஐந்து மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் நெற்றியைப் பிளக்கிறது, பத்தடி தள்ளி நிழலுக்குப் போனால் குளிருகிறது. முன்பின் தெரியாத ஒன்பது பேர் ஒரு விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவர் ரொட்டி எடுத்தார், ஒருவர் வேகவைத்த முட்டை, நான் கம்பத்திலிருந்து கொண்டுபோன முறுக்கும் எள்ளுருண்டையும் எடுத்தேன். முறுக்கு பத்து நிமிஷத்தில் காலி. முன் சீட்டிலிருந்த பெண், ஜம்முவில் பி.எஸ்சி. படிக்கிறவள், இருபது வயது இருக்கும், எள்ளுருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் ஆப்ரிகாட் பருப்பிலும் இப்படித்தான் செய்வார்கள் என்றாள். அவள் வீட்டிலேயே தங்குவதற்கு அறை உண்டு என்றும், ஆளுக்கு 1,000 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து என்றும் சொன்னாள். இனி இந்தக் குறிப்பில் அவளைத் தங்கை என்றே எழுதுகிறேன். அவள் என்னை ‘தீதி’ (ஹிந்தியில் அக்கா) என்றுதான் கூப்பிட்டாள்.

தண்ணீர் வடியக் காத்திருந்தபோது அவள் சொன்ன ஒன்றை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன். பொக்தாங்கிலும் பல்தி மொழி பேசுகிற பல்தி ஜனங்கள்தான், அடுத்த ஊரான சலுங்காவிலும் பல்தி ஜனங்கள்தான், ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு. 1948-க்குப் பிறகு 1971 வரை இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் எல்லை. அப்போது பொக்தாங் இந்தியாவின் கடைசி ஊர். போருக்குப் பிறகு கோடு கீழே நகர்ந்து, சலுங்கா, துர்துக், த்யாக்ஷி, தாங் நான்கும் இந்தப் பக்கம் வந்துவிட்டன.

ஏழு மணிக்கு ஒரு ராணுவ வண்டி லாரியை இழுத்துப் போட்டது. ஊருக்குள் போகும்போது நல்ல இருட்டு. ஓடையின் மேல் ஆடுகிற தொங்குபாலத்தைக் கைபேசி வெளிச்சத்தில் தாண்டி, கல் படி ஏறி வீட்டுக்குப் போனால், தங்கையின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளைக்கூடப் பிறகுதான் பார்த்தார், முதலில் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடு கிஸிர். பக்வீட் மாவில் ஊற்றுகிற மெல்லிய தோசை என்று சொல்லலாம், வடக்கே விரதத்துக்குக் குட்டு மாவு என்று வாங்குவார்களே, அதே தானியம். கருஞ்சாம்பல் நிறம், நடுவில் ஆப்பம் போல மெத்தென்று இருக்கிறது. தொட்டுக்கொள்ளத் தயிரில் பச்சிலை அரைத்துக் கலக்கிய ட்ஸமிக். அவ்வளவு நேர அலைச்சலுக்குப் பிறகு எதுவும் ருசிக்கும்தான், ஆனால் இது மறுநாளும் அப்படியே ருசித்தது.

ஆகஸ்ட் 22, வியாழன் – ஊருக்குள்

விடிந்து பார்த்தால் வேறு உலகம். லடாக்கில் நான் பார்த்த மற்ற இடமெல்லாம் மண் நிறம், இங்கே தெருவெல்லாம் நிழல். துர்துக் சுமார் 3,000 மீட்டர்தான், லே-யைவிட ஐந்நூறு மீட்டர் கீழே. அதனால் மூச்சு லேசாக இருக்கிறது, அதனால்தான் இங்கே இரண்டு போகம் விளைகிறது. முதலில் பார்லி, அதை அறுத்த உடனே அதே வயலில் பக்வீட். நாங்கள் போன நேரம் பக்வீட் பூத்திருந்தது, ஊரின் ஒரு பகுதியான ஃபரோல் மேட்டில் பாத்தி பாத்தியாக வெளிர் ரோஸ் நிறம். தெருவும் வாய்க்காலும் ஒன்றாகவே போகின்றன. வீட்டு வாசலைத் தாண்டும் தண்ணீரில் யாரும் எச்சில்கூடத் துப்புவதில்லை, கீழே உள்ள வீட்டுக்காரர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்.

மொட்டை மாடி எல்லாவற்றிலும் ஆப்ரிகாட் காய்கிறது. இங்கே அதற்குச் சூலி என்று பெயர். பழத்தைப் பிளந்து காயவைக்கிறார்கள், கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள், இனிப்புப் பருப்பு தின்ன, கசப்புப் பருப்பு எண்ணெய்க்கு, ஓடு அடுப்புக்கு. எதுவும் வீண் போவதில்லை. எங்கள் வீட்டில் தென்னையை இப்படித்தான் நடத்துவோம்.

தங்கை ஒரு கல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நங்சுங் என்கிறார்கள். வெளியே பார்த்தால் கற்குவியல். உள்ளே பாறை இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கிறது, கையை வைத்தால் விரல் விறைக்கிறது. வெளியே நல்ல வெயில். வெண்ணெயும் இறைச்சியும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். ஆகஸ்ட் மாதத்தில் மின்சாரமே இல்லாமல் இப்படி ஒரு குளிர் அறையைக் கட்டியவர்களை வெளியிலிருந்து வருகிறவர்கள் பின்தங்கியவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாயங்காலம் தங்கையின் தாத்தாவோடு உட்கார்ந்தோம். 68 வயது. உப்பு டீ, மேலே வெண்ணெய் மிதக்கிறது. முதல் கிண்ணம் எனக்குக் கஷ்டமாக இருந்தது, மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். அவர் பல்தியில் சொல்ல, தங்கை ஹிந்தியில் சொல்ல, ஹிந்தி நன்றாகத் தெரிந்த தம்பி எனக்குத் தமிழில் சொன்னான்.

1971 டிசம்பரில் அவருக்குப் பதினைந்து வயது. மலைக்கு மேலே இரண்டு நாளாகச் சத்தம். இதே நூப்ரா பகுதியின் சுமூர் ஊர்க்காரரான மேஜர் சேவாங் ரிஞ்சென் தலைமையில் படை வந்தது. ராத்திரி எல்லோரும் ஒளிந்து கிடந்தோம், காலையில் வெளியே வந்தபோது இது இந்தியா என்று சொன்னார்கள், என்றார். பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய அண்ணன் அப்போது, இன்றும் பாகிஸ்தான் வசம் இருக்கிற ஸ்கார்டு நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். பனி உருகினதும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

டிசம்பர் 17-இல் சண்டை நின்றது. 1972 சிம்லா ஒப்பந்தத்தில், பஞ்சாபிலும் சிந்துவிலும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் ஜம்மு காஷ்மீரில் மட்டும் சண்டை நின்ற அன்று யார் எங்கே நின்றார்களோ அதுவே கோடு என்று ஆயிற்று. அந்த ஒரு வரியால் அண்ணன் அந்தப் பக்கமே நின்றுபோனார். கடிதம் வர மாதக்கணக்கில் ஆனது. பார்க்கப் போக வேண்டுமானால் பாஸ்போர்ட் எடுத்து, விசா கிடைத்து, டில்லி போய், வாகா வழியாக லாகூர் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே மலை ஏற வேண்டியிருந்தது. ஆற்றோடு நடந்தால் சில நாள் வழி. அண்ணன் 2009-இல் இறந்துவிட்டார். இரண்டு பேரும் கடைசி வரை நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தம்பிதான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி – வேலை, விலை

காலையில் சமையலறையில் உட்கார்ந்து கொட்டை உடைத்தேன். இந்த ஊரில் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்குப் பிடிக்காது. வருகிறவர்கள் பலர் அதைக் கேட்பதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வயலில் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து லென்ஸ் நீட்டுவார்களாம். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன், அப்புறம் பேச்சு தானாக வந்தது. தங்கையின் அம்மாவுக்கு ஹிந்தி கொஞ்சம்தான், எனக்கும் அப்படித்தான், கல்லும் கொட்டையுமாகக் கை ஓடிக்கொண்டிருந்தால் அதுவே போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் புளி தட்டும்போது பேசுகிற பேச்சுதான். மகளுக்கு எப்போது கல்யாணம், வேலை கிடைக்குமா, குளிர்காலத்துக்கு விறகு போதுமா.

அவர் வீட்டுக்காரர் சியாச்சின் பனிமலையில் ராணுவத்துக்குச் சுமை தூக்குகிறார். இந்தப் பகுதி ஆண்கள் பலருக்கு அதுதான் காசு வருகிற வேலை. நாள் கூலி, உயரம் ஏற ஏறக் கூலி கூடும். கூடுவதற்குக் காரணம் ஆபத்து. சில மாதம் மேலே, சில மாதம் வீட்டில். போன குளிர்காலத்தில் கால் விரல் இரண்டு கறுத்துப்போய் வந்தாராம். இந்த வருஷமும் போயிருக்கிறார்.

ஆப்ரிகாட் கணக்கை நான் துருவித் துருவிக் கேட்டேன், திராட்சை விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு அது பழக்கம். காய்ந்த பழம் வீட்டு வாசலில் கிலோ 400 ரூபாய். லே பஜாரில் நான் பார்த்த விலை 800. பச்சைப் பழம் மூன்று நாளில் கெட்டுவிடும், கர்துங் லா தாண்டி லே போவதற்குள் பாதி நசுங்கும். லடாக்கிலிருந்து 2021-இல் துபாய்க்கு முதன்முதலாக ஆப்ரிகாட் ஏற்றுமதி ஆனது. ரக்ட்சே கார்போ என்கிற வெள்ளைக் கொட்டை ரகத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் இந்த ஊரில் குளிர்சாதன வண்டி இல்லை, தூசு படாமல் உலர்த்துகிற சூரிய உலர்த்தி எல்லா வீட்டிலும் இல்லை, மாடியில் காய்ந்த பழத்தில் மண் ஒட்டினால் வியாபாரி பாதி விலை என்கிறார். எங்கள் பக்கம் திராட்சைக்காரர்கள் இருபது முப்பது வருஷம் முன்னால் வியாபாரியிடம் கேட்ட அதே வார்த்தை.

மதியம் தொழுகைக்கு ஆண்கள் போய்விட, தெரு அமைதியானது. நூர்பக்ஷியா, சுன்னி இரண்டு பிரிவும் இங்கே இருக்கிறார்கள். பழைய மசூதியின் மர வேலைப்பாட்டைப் பார்த்தால் பாதி திபெத், பாதி பாரசீகம். பேச்சும் அப்படித்தான். பல்தி மொழி திபெத்திய மொழிக் குடும்பம், எழுதுவது அரபி-பாரசீக எழுத்தில். இந்தப் பகுதியை ஆண்ட யப்கோ அரச குடும்பத்தின் வீட்டில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களுடைய தலைநகரம் கப்லு, அது இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கம். வாள், காசு, பாத்திரம் எல்லாம் இந்தப் பக்கம், அரண்மனை அந்தப் பக்கம்.

ராத்திரி தங்கையிடம் நேராகக் கேட்டேன், படித்து முடித்து என்ன செய்வாய் என்று. இங்கேயே வர வேண்டும் என்றாள். சட்டென்று சொன்னாள், யோசிக்கவில்லை. அப்புறம்தான் கஷ்டமெல்லாம் வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதம் விருந்தாளிகள், மற்ற எட்டு மாதம் ஒன்றும் இல்லை. அரசு வேலைக்கு லே-யில் இருக்கிற பிள்ளைகளோடு போட்டி. 2019-இல் லடாக் யூனியன் பிரதேசம் ஆனதிலிருந்து நிலமும் வேலையும் வெளியாட்கள் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு. பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தருகிற, அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணையில் லடாக்கைச் சேர்க்கக் கேட்டு இந்த மார்ச்சில் லடாக் சூழல் ஆர்வலர் சோனம் வாங்சுக் லே-யில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, தானும் ஜம்முவில் தோழிகளோடு அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பெரிய ஹோட்டல் வரட்டும் என்று அவள் கேட்கவில்லை. நல்ல உலர்த்தி நாலு, ஒரு எண்ணெய் செக்கு, பொட்டலம் போட ஒரு அறை. இவ்வளவுதான் அவள் கணக்கு. நோட்டில் வரைந்துகூட வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்து கிலோவுக்கு என்ன செலவு, என்ன விலை என்று அவளோடு போட்டுப் பார்த்தேன். இருபது வீட்டுப் பழம் ஒன்றாகச் சேர்ந்தால் நிற்கும், ஒரு வீட்டால் நிற்காது. அதை அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 24, சனி – தாங்

தங்கையின் சித்தப்பா வண்டியில் தாங் போனோம், போக வர 1,500. பத்து கிலோமீட்டர் சொச்சம், வழியில் த்யாக்ஷி. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நானும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தோம். ‘எந்த ஊரு அக்கா?’ என்று ஒரு குரல். சிவகங்கைப் பக்கத்துப் பையன், சீருடையில். ஏழு மாதமாக ஊர்ப் பேச்சைக் காதால் கேட்கவில்லை என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் மிச்சமிருந்த எள்ளுருண்டை டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டேன். குளிர்காலத்தில் இங்கே எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தான்.

தாங் சின்ன ஊர். அதற்கு அப்புறம் நமக்கு வழி கிடையாது. ஒரு மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்தால் எதிர்மலையில் காவல் சாவடிகள் தெரிகின்றன, அவற்றுக்கும் எதிரில் நம்முடையவை. அதற்குக் கீழே பச்சையாக ஒரு துண்டு, ஃப்ரானு என்கிற ஊர். அங்கேயும் ஆப்ரிகாட் மரம், அங்கேயும் தட்டை மாடி. சித்தப்பா ஒரு வீட்டைக் காட்டி, அது எங்கள் சொந்தக்காரர் வீடு என்றார். கண்ணால் பார்க்கலாம், கூப்பிட்டால் கேட்காது. இங்கே சிலர் சொந்த அண்ணன் தம்பியை ஹஜ்ஜுக்குப் போன இடத்தில், மெக்காவில்தான் முதன்முதலாகப் பார்த்தார்களாம். இப்போது வாட்ஸ்அப் இருப்பதால் முகமாவது பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மேட்டில் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. வண்டியில் வந்த பயணிகள் எல்லோரும், நானும்தான், இதை ‘இந்தியாவின் கடைசி ஊர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 1947-க்கு முன்னால் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. லே-க்கும் ஸ்கார்டுவுக்கும் போகிற வழியில் இது ஒரு நடு ஊர். கப்லு சந்தைக்கு இங்கிருந்து பழம் போகும், அங்கிருந்து துணியும் சாமானும் வரும், எல்லாம் ஆற்றோடு இறங்குகிற சுலபமான வழி. 1948-க்குப் பிறகு பாகிஸ்தான் பக்கத்துக்குக் கடைசி ஊராகிவிட்டது, 1971-க்குப் பிறகு இந்தியப் பக்கத்துக்கு. இரண்டு தேசத்துக்கும் கடைசியாக இருந்து பார்த்த ஊர். இறக்கத்தில் இருந்த சந்தை போய், 5,359 மீட்டர் கணவாய்க்கு அப்பால் ஒரு சந்தை வந்தது. மூன்று நாளில் கெடுகிற பழத்துக்கு அது சந்தையே இல்லை. முந்தின நாள் ராத்திரி தங்கையோடு போட்ட கணக்கு ஏன் அவ்வளவு இழுபறியாக இருந்தது என்று அங்கேதான் எனக்கு விளங்கியது.

ஷ்யோக் மட்டும் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய், ஸ்கார்டுவுக்கு முன்னால் சிந்து நதியில் சேர்கிறது. நாங்கள் ஒரு மணி நேரம் நின்றிருப்போம். காற்று பிடித்துக்கொண்டதும் திரும்பிவிட்டோம்.

இரவு மோஸ்கோட், பக்வீட் மாவுருண்டையை அரைத்த அக்ரூட் (வால்நட்) சாற்றில் தொட்டுச் சாப்பிடுவது. கடைசி ராத்திரி என்பதற்காகத் தங்கையின் அம்மா செய்தார். கை வலிக்க அரைக்க வேண்டிய பண்டம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு – துர்துக், லே

நாலரைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார்கள், தண்ணீர் ஏறுவதற்குள் ஓடையைத் தாண்ட வேண்டும். பணக் கணக்கு அப்போதுதான் நெருக்கியது. நாலு ராத்திரிக்கு இரண்டு பேருக்கு 8,000. கையில் 6,800, அதில் லே வரை வண்டிக்கு 2,000 வேண்டும். முந்தின நாள் தங்கையின் போன் சிக்னலைக் கடன் வாங்கிப் பணம் அனுப்ப இரண்டு முறை பார்த்தோம், சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. எனக்கு முகத்தில் முழிக்கவே கூச்சமாக இருந்தது. 4,500 ரூபாயை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா நோட்டுகளை எண்ணவில்லை. லே போய் அனுப்பு என்றார். வழியில் செலவுக்கு வைத்திருக்கிறாயா என்று கேட்டு, அதிலிருந்து ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். என் விலாசமோ அடையாள அட்டையோ கேட்கவில்லை. அப்புறம் தாத்தா உள்ளேயிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார், ஒரு கிலோ இருக்கும், காய்ந்த சூலி. கொல்லையில் நிற்கிற பெரிய மரத்துப் பழம், அண்ணன் ஸ்கார்டு போவதற்கு முன்னால் வைத்துவிட்டுப் போன மரம் என்று தங்கை சொன்னாள். அதற்குக் காசு பேச்சை எடுக்கவே விடவில்லை.

ஓடை ஆறு மணிக்கு முன்னால் கணுக்கால் அளவுதான். அன்று ஐந்து மணி நேரம் எங்களை நிறுத்தி வைத்த இடத்தை ஒரு நிமிஷத்தில் தாண்டிவிட்டோம். அந்த இடத்தில் பெரிய பாலம் கூடத் தேவையில்லை, இருபது இருபத்தைந்து அடிக்கு ஒரு சிறு பாலம் போதும். கர்துங் லா மேலே லேசாகப் பனி தூறியது. தம்பி வழி பூராவும் தூங்கினான்.

ஆகஸ்ட் 26, திங்கள் – லே

முதல் வேலையாக 4,000 ரூபாயை அனுப்பினேன், திருப்பிக் கொடுத்த ஐந்நூறையும் சேர்த்து.

விடுதி வரவேற்பறையில் எல்லோரும் போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். லடாக்கில் ஐந்து புது மாவட்டங்கள் வரப்போவதாக உள்துறை அமைச்சர் அறிவித்திருக்கிறார்: சான்ஸ்கார், த்ராஸ், ஷாம், நூப்ரா, சாங்தாங். அதுவரை லே, கார்கில் இரண்டே மாவட்டம்தான். துர்துக் நூப்ராப் பக்கம். விடுதிக்காரர் சந்தோஷமாக இருந்தார், இனி ஒரு கையெழுத்துக்காகக் கணவாய் தாண்டி வர வேண்டாம் என்றார்.

சாயங்காலம் விடுதிக்காரரின் போனில் தங்கையைக் கூப்பிட்டேன். பணம் வந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். தம்பிக்குத் தலைவலி விட்டதா என்று அம்மா பின்னாலிருந்து கேட்பது காதில் விழுந்தது. மாவட்டச் செய்தியைச் சொன்னேன், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சரி தீதி, மாவட்டம் வந்தால் அந்த ஓடைக்குப் பாலம் போடுவார்களா என்று கேட்டாள். போட வேண்டும், எழுதிக் கேளுங்கள், இருபது வீடும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. மறுபடி இரண்டு தடவை அடித்தும் கிடைக்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். உலர்த்திக் கணக்கில் வண்டி வாடகையைச் சேர்க்க மறந்துவிட்டோம், சேர்த்து மறுபடி போட்டிருக்கிறேன், படம் அனுப்புகிறேன் பாருங்கள் என்றாள். படம் இன்னும் வந்து சேரவில்லை.